இருநூற்றுப் பதினான்காவது படம்

எட்டாவது அடிக்கும் ஒன்பதாவது அடிக்கும் நடுவில் அடித்தவன் சற்று இளைப்பாறியிருந்தான். தங்கை அதை இருநூற்றுப் பதினான்காவது படத்தில் கண்டுபிடித்தாள்.

நோட்டில் குறித்துக்கொண்டாள். படத்தின் எண், தடி எந்தப் பக்கம், எத்தனையாவது அடி என்று கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தாள். சரியாகத்தான் எண்ணுகிறோமா என்று சந்தேகம் வந்து இரண்டு முறை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிட்டாள். அழுதால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் அழவில்லை. அடுத்த அறையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். காலை எட்டரை மணி. அண்ணனின் உடல் மருத்துவமனையிலிருந்து பகலில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தி, கட்டில்மேல் மடிக்கணினியை வைத்து, தரையில் முழங்காலிட்டு அவள் தன் அண்ணன் செத்ததைப் படம் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நாளிதழ் ஒன்றின் புகைப்படக்காரன். முந்தின நாள் பகல், வேலைநிறுத்தம் நடந்த ஆலை வாசலில் காவலர்கள் கூட்டத்தைக் கலைத்தபோது முதல் அடி அவன் தோளில் விழுந்தது. மல்லாந்து விழுந்தான். அவனுடைய வலது கை கேமராவின் தோல்வாரில் மாட்டிக்கொண்டிருந்தது. விரல் பொத்தானை விடவில்லை. நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமரா அது. மொத்தம் முந்நூற்று எண்பது படங்கள். பத்தொன்பது நொடி. லென்ஸ் மேலே பார்த்துக் கிடந்ததால் எதிலும் அண்ணனின் முகம் இல்லை. தடி இருந்தது, கையுறை இருந்தது, தலைக்கவசம் இருந்தது, பின்னால் வெயில் ஏறிய வானம் இருந்தது. நூறாவது படத்துக்குமேல் லென்ஸ் கண்ணாடியின் மூலையில் ஒரு சிவப்புத் துளி விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பதின்மூன்றாவது அடிக்குப் பிறகு தடியும் போய்விட்டது. கடைசி நாற்பது படங்களில் வெறும் வானம். அதன்பிறகுதான் விரல் தளர்ந்திருக்கிறது.

கூட்ட நெரிசலில் கால் இடறி, நடைபாதை விளிம்பில் தலை மோதி இறந்தார் என்று அன்று மாலையே காவல்துறையின் அறிக்கை வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அது போதாதென்று ஒரு படமும் ஊரெல்லாம் கைப்பேசிகளில் சுற்றியது. அண்ணன் கையில் கல்லோடு நிற்கிறான். வாய் பிளந்து கத்துகிறான். நான்கு வரி எழுதிக் கொடுத்தால் வரைந்து தள்ளுகிற செயலிகளில் ஏதோ ஒன்று செய்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மழித்த தாடி அந்தப் படத்தில் அப்படியே இருந்தது. ஆனால் தாடியைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தங்கையின் வேலையிடத்து முதலாளியே துக்கம் விசாரித்துவிட்டு, "கல்லு எதுக்கும்மா எடுத்தாரு?" என்று கேட்டார்.

கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தவரை எல்லோரும் மொட்டை என்பார்கள். போட்டிப் பத்திரிகையின் புகைப்படக்காரர். பதினைந்து வருடமாக அண்ணனும் அவரும் ஒருவர் முழங்கையை ஒருவர் விலாவில் இடித்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது மட்டும் ஒரே மேசை. கீழே கிடந்த கேமராவை மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்திருந்தார். லென்ஸைச் சுற்றியிருந்த வெயில்மறைப்பு நொறுங்கியிருந்தது. பக்கவாட்டில் பூட்ஸ் பதிந்து, உள்ளே இருந்த இரண்டு நினைவட்டைகளில் ஒன்று முறிந்து போயிருந்தது.

"ஒண்ணுதான் உயிரோட இருக்கு. போலீஸ் கேக்கறதுக்கு முன்னாடி பாத்துப் பத்திரப்படுத்து, பவுடர்," என்றார்.

பவுடர் என்று பெயர் வைத்தது அண்ணன். அவள் ஒரு ஸ்டூடியோவில் திருமணப் படங்களைத் திருத்துகிறவள். மாப்பிள்ளையின் பல்லை வெளுப்பாக்குவாள், மணப்பெண்ணின் மாமியாருக்கு ஒரு தாடையைக் குறைப்பாள். நீ பூசுகிறாய், நான் துடைக்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே கடையில் சம்பளம் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்பான் அண்ணன். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவன் சொல்வது சரிதானோ என்று மட்டும் தோன்றும்.

இருநூற்றுப் பதினான்கில் அடித்தவன் தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளி வியர்வையைத் துடைத்திருந்தான். முந்தின படத்தில் கையுறை முகத்தை மறைத்தது. பிந்தின படத்தில் கண்ணாடி இறங்கிவிட்டது. நடுவில் இந்த ஒன்றே ஒன்றில்தான் முகம் திறந்திருந்தது. ஆனால் பின்னால் வானம் அவ்வளவு வெளிச்சம். முகம் கரிக்கட்டையாக இருந்தது.

இருட்டில் இருக்கிற முகத்தை வெளியே கொண்டுவருவது அவளுக்கு அன்றாட வேலை. ஒரு நாளைக்கு நூறு முகம் கொண்டுவருவாள். வெறுமனே பார்ப்பதற்காகத்தான் திறந்தாள். நிழலைத் தூக்கினாள். நெற்றி வந்தது. வலது புருவம் வந்தது. நடுவில் முடியில்லாத ஒரு வெட்டு. மூக்கு வந்தது. கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருந்தான், பளு தூக்குகிறவர்கள் கடிப்பதுபோல. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெரிதாக்கி, இன்னும் கொஞ்சம் தூக்கி, கண்ணைப் பார்த்தாள். அப்போது அவளுடைய இடது கையின் இரண்டு விரல்கள் தாமாகப் போய்ச் சேமிக்கும் விசைகளை அழுத்தின.

ஒருமுறை மின்சாரம் போய் ஒரு முழு ஆல்பமே அழிந்ததிலிருந்து வந்த பழக்கம் அது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சேமிப்பு. மூச்சு விடுவதுபோல. ஆனால் இப்போது திறந்திருந்தது நகல் இல்லை. நினைவட்டையில் இருந்த அசல்.

விரலை எடுத்தாள். அண்ணனின் கேமரா, படம் எடுத்த நொடியிலேயே அதற்குள் ஒரு முத்திரையையும் வைத்துவிடும். எந்தக் கேமரா, எப்போது எடுத்தது, பிறகு யாராவது கை வைத்தார்களா என்பதை அந்த முத்திரை சொல்லும். ஒரு புள்ளியை மாற்றினாலும் உடைந்துபோகும். இது அவளுக்குத் தெரியும். வெளிச்சம் கூட்டியதையெல்லாம் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளாதோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை. ஒன்பது பத்துக்கு முந்நூற்று எண்பதையும் அண்ணனின் பத்திரிகைக்கு அனுப்பினாள். அட்டையை மறுபடி கேமராவுக்குள் போட்டு மூடினாள்.

பத்தரை மணிக்குப் படப்பிரிவின் தலைமையில் இருந்த அம்மாள் பேசினாள். அண்ணன் அவளை மேடம் என்றுதான் சொல்வான். சமையலறையில் மொட்டையும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணிக்கும் கேட்கட்டும் என்று தங்கை கைப்பேசியை அடுப்பு மேடையில் வைத்தாள்.  மேடம் படங்களைப் பார்த்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. பிறகு குரலைச் சரி செய்துகொண்டு வேலையைப் பேசினாள்.

"முந்நூத்தி எழுபத்தொம்பது சரியா இருக்கு. ஒண்ணுல முத்திரை உடைஞ்சிருக்கு."

"எது?" என்றார் மொட்டை.

"அதுதான். முகம் இருக்கறது."

மொட்டை நெற்றியில் அடித்துக்கொண்டார். அண்ணிக்கு விளங்கவில்லை, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கேமரா கீழே விழுந்ததில் கெட்டிருக்குமா என்று மேடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தங்கைக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை.

"இல்ல மேடம். நான்தான். வெளிச்சம் கூட்டிப் பாத்தேன். சேவ் ஆயிருச்சு."

அண்ணிக்கு விளங்கியது. இரண்டு எட்டில் வந்து புறங்கையால் ஓங்கி அறைந்தாள். தங்கையின் பல்லில் உதடு கிழிந்தது. மறுபடி கை ஓங்கினாள். மொட்டை நடுவில் வந்ததால் அது அவர் காதில் விழுந்தது.

"செத்தவன் மேலயும் பூசணுமாடீ உனக்கு?"

 கைப்பேசியில் மேடம், தணிந்த குரலில், பத்திரிகையின் விதியைச் சொன்னாள். போன வருடம் வெள்ளத்தின்போது முதல் பக்கத்தில் ஒரு பொய்ப் படம் வந்து மானம் போனதிலிருந்து, ஒரு தொகுப்பில் ஒன்றைத் தொட்டிருந்தாலும் மொத்தத் தொகுப்பையும் நிறுத்திவைப்பது என்று வைத்திருக்கிறார்கள். அந்த விதிக்காக ஆசிரியரோடு மல்லுக்கு நின்றதே அண்ணன்தான்.

மொட்டை கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். அந்த ஒன்றை அழித்துவிட்டு, அட்டையில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார். மற்றவையாவது பிழைக்கும். பதின்மூன்று அடி போதாதா, விழுந்து செத்தான் என்பது பொய் என்று காட்ட? மேடம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

தங்கை உதட்டு இரத்தத்தை விழுங்கினாள். அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அழின்னா அழிச்சிடறேன் அண்ணி. ஆனா அழிச்சிட்டா, அண்ணன அடிச்சது தடிதான், ஆள் இல்லன்னு ஆயிரும்."

அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல், "அழிக்க வேணாம்," என்றாள்.

மேடம் பெருமூச்சு விட்டாள். "நீ அனுப்புன நேரம் எங்ககிட்ட பதிவாயிருக்கு, ஒம்பது பத்து. அதை யாராலயும் மாத்த முடியாது. ஆனா என்ன பிரயோஜனம்? தங்கச்சி படம் திருத்தறவ, முகத்தை வரைஞ்சு ஒட்டிட்டான்னு சொல்லுவாங்க. அப்படி ஒருத்தன் நெஜமாவே இருக்கான்னு யார் காட்டுவா?"

 தங்கை உள்ளே போய், எத்தனை மணிக்கு அட்டையைத் திறந்தாள், எதை எவ்வளவு கூட்டினாள், எப்போது சேமித்தாள் என்று ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நேரம் மட்டும் ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். அதை எழுதியபிறகும் உதடு எரிந்தது.

ஒரு மணிக்குப் பெட்டி வந்தது. மூடி ஆணியடித்து வந்தது. திறக்கக் கூடாது என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அம்மா மூடிமேல் விழுந்து நகத்தால் பிறாண்டினாள். ஒரு நகம் பிய்ந்து அந்தத் தாளில் இரத்தம் பட்டது. முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள் என்று அவள் கேட்டதை, மருத்துவமனையில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அடையாளம் சொல்லி வந்த அண்ணி கேட்காததுபோல நின்றாள். எதை வைத்து அடையாளம் கண்டாய் என்று மொட்டை மெதுவாகக் கேட்டார். காலை வைத்து என்றாள்.

தெரு நிறைந்திருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள், எல்லாப் பத்திரிகைகளின் புகைப்படக்காரர்களும் வந்திருந்தார்கள். தெருவின் இரண்டு முனையிலும் காவல்படை. நேற்று ஆலை வாசலில் நின்ற அதே படையைத்தான் இன்று இழவு வீட்டுக்கும் பாதுகாப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு தொழிலாளி சொன்னார். நாயை விட்டுக் கடிக்கவைத்து, அதே நாயைக் காவலுக்கும் கட்டுகிறான் என்றார் இன்னொருவர். மூன்று மணிக்கு எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து கேடயத்தில் பட்டது. அவ்வளவுதான். தடிகள் இறங்கின. வீட்டுப் படிவரைக்கும் துரத்திக்கொண்டு வந்து அடித்தார்கள். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டில் அடி விழுந்த சத்தம், காய்ந்த குச்சியை ஒடித்ததுபோலத் தனியாகக் கேட்டது. மொட்டையின் கேமராவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார்கள். பெட்டியைத் தூக்க வந்த நாலு பேரும் அதைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம். பிறகு தெரு வெறிச்சோடி, படியில் யாருடையதோ பல் ஒன்று கிடந்தது.

அந்த அமைதியில் இன்ஸ்பெக்டர் வந்தார். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு ஒரு வணக்கம் வைத்தார். எழுதுபலகையில் செருகிய படிவங்களோடு ஒரு காவலர் பின்னால் நின்றார். இறந்தவரின் கேமரா விசாரணைக்குத் தேவைப்படுகிறது என்றார். வீட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை ஒப்படைக்காதவரைக்கும் பெட்டி இந்தத் தெருவைத் தாண்டாது என்பதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிறவர்போலச் சொன்னார்.

"கொண்டுபோய்க் குடுத்துடு," என்றாள் அம்மா. "எம்புள்ளைய எடுத்துட்டுப் போகட்டும்."

யானை வாயில் போன கரும்பு திரும்பி வராது. எல்லோருக்கும் தெரியும். தங்கை உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்தாள். தோல்வாரில் காய்ந்திருந்த இரத்தம் அவள் கையில் பொடியாக உதிர்ந்தது. வாசற்படியில் நின்று நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கையை நீட்டவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இயங்குது, இயங்கலைன்னு ரெண்டு கட்டம் இருக்கும்மா. நாளைக்கு நாங்கதான் உடைச்சோம்னு கோர்ட்டுல சொல்லுவீங்க. ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. வேலை செய்யுதான்னு பாத்துக்கறேன்."

"எதை எடுக்கட்டும்?"

"எதையாவது எடும்மா."

அவள் கேமராவின் விசையைத் திருகி உயிர்ப்பித்தாள். திரை ஒருமுறை மினுங்கி ஒளிர்ந்தது. கேமராவின் அடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பொருத்தியிருந்த கருவியில் பச்சைப் புள்ளி எரிந்தது. படம் எடுத்த கையோடு அதைச் செய்தியறைக்கு அனுப்புகிற கருவி. நேற்று ஆலைப் பக்கம் முழுவதும் இணையத்தை நிறுத்தியிருந்தார்கள். இந்தத் தெருவில் நிறுத்தவில்லை.

தெருமுனையில் படை வரிசை கலைந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. சிலர் கேடயத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பாட்டிலை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடித்தான். குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான். வலது புருவத்தின் நடுவில் வெட்டு இருந்தது.

தங்கை முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்து இனி எல்லா முகமும் அப்படித்தான் தெரியுமோ என்று நினைத்தாள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். லென்ஸைத் திருப்பி அவனைக் கிட்டே இழுத்தாள். மூக்கு அதுதான். கீழ் உதடு அதுதான். அந்த முகத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அவள் தன் விரலால் இருட்டிலிருந்து தூக்கியெடுத்திருக்கிறாள். இப்போது அதன்மேல் நேர் வெயில் விழுந்தது. எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அவன் கேமராவைப் பார்த்துவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். கழுத்துப் பொத்தானைப் போட்டான். சட்டைக் காலரை இழுத்துவிட்டு, தோளை நிமிர்த்தி, ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் நிற்பதுபோல நேராக நின்றான்.

அழுத்தினாள். திரையின் மூலையில் முந்நூற்று எண்பத்தொன்று என்று எண் விழுந்தது. அதன் கீழே ஒரு சிறு கோடு இடமிருந்து வலமாக ஓடி நிறைந்து மறைந்தது.

"வேலை செய்யுது," என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

அவர் முதல் கட்டத்தில் குறி போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேமராவை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பெட்டியைத் தூக்கலாம் என்று கையைக் காட்டினார். நாலு பேர் குனிந்தார்கள்.

அண்ணனின் கேமராவில் அழுத்தினால் சத்தம் வராது. தெருமுனையில் அவன் இன்னும் அப்படியே, கண்ணிமைக்காமல், சத்தம் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.